உங்களுக்குத் தெரியுமா? மூன்று விளையாட்டு, ஒரே பர்ஸ்!

நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் சேர்ந்த டிரையத்லானில் இறங்க ஆசைப்படும் மாணவர்கள் பலர் நீச்சலுக்கோ வெயிலுக்கோ பயந்து பின்வாங்குவதில்லை. விலைச்சீட்டைப் பார்த்துத்தான் கடையிலிருந்து திரும்பிப் போகிறார்கள். அவர்களுக்காகவே இந்த வாரத் துணுக்குகள்.

● நவீன டிரையத்லான் பிறந்தது 1974 செப்டம்பர் 25, ஒரு புதன்கிழமை மாலை. இடம், அமெரிக்காவின் சான் டியேகோ நகரிலுள்ள மிஷன் பே. உள்ளூர் ஓட்டக் கிளப் ஒன்று நடத்திய அந்தப் போட்டியில் கலந்துகொண்டவர்கள் 46 பேர். டிரையத்லானுக்கென்றே செய்த சைக்கிளோ உடையோ அன்றைக்கு எந்தக் கடையிலும் கிடையாது. கையில் இருந்ததை வைத்துத்தான் இந்த விளையாட்டே தொடங்கியது.

● டிரையத்லான் என்றாலே 'அயர்ன்மேன்' என்ற நெடுந்தூரப் போட்டி என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். 'ஸ்பிரிண்ட்' தூரம் 750 மீட்டர் நீச்சல், 20 கிலோமீட்டர் சைக்கிள், 5 கிலோமீட்டர் ஓட்டம். 2000 சிட்னி ஒலிம்பிக்கில் அறிமுகமான தூரம் இதைப்போல் சரியாக இரண்டு மடங்கு. முதல் ஆண்டு ஸ்பிரிண்டோடு நின்றுகொண்டால் செலவும் குறையும், முழங்காலும் பிழைக்கும்.

● வெளிநாட்டு வீடியோக்களில் எல்லோரும் கறுப்பு ரப்பர் உடையோடு தண்ணீரில் குதிக்கிறார்களே, அந்த 'வெட்சூட்' நமக்கு வேண்டியதே இல்லை! உலக டிரையத்லான் அமைப்பின் விதிப்படி, 1,500 மீட்டர் வரையிலான நீச்சலில் தண்ணீரின் வெப்பம் 22 டிகிரி செல்சியஸைத் தொட்டுவிட்டால், நம்மைப் போன்ற வயதுப் பிரிவுப் போட்டியாளர்கள் அதை அணியக் கூடாது. சென்னைக் கடற்கரையில் மார்கழிக் குளிரிலும் கடல்நீர் அதைவிடச் சூடாகவே இருக்கும். வெதுவெதுப்பான நீரில் ரப்பர் உடை போட்டு நீந்தினால் உடற்சூடு வெளியேற வழியின்றி ஆபத்தில் முடியும். ஆகவே பட்டியலின் மிக விலையுயர்ந்த பொருட்களில் ஒன்றை இப்போதே அடித்துவிடலாம். நீச்சல் உடை, தொப்பி, கண்ணாடி மூன்றும் போதும்.

● நீச்சல் கண்ணாடி வாங்கும்போது பட்டையை மாட்டாமல் கண்மேல் மெல்ல அழுத்திப் பாருங்கள். இரண்டு நொடியாவது ஒட்டி நின்றால் அது உங்கள் முகத்துக்கானது. பனி படர்கிறதா? உட்புறம் ஒரு சொட்டு பேபி ஷாம்பூ தடவி லேசாக அலசினால் போதும். உள்ளே விரலால் அழுத்தித் தேய்க்க மட்டும் வேண்டாம், பனித்தடுப்புப் பூச்சு போய்விடும்.

● இனி சைக்கிள். பணம் அதிகம் கரைவதும், அதிகம் மிச்சம் பிடிக்க முடிவதும் இதில்தான். ஊரடங்குக் காலத்தில் ஆசையாக வாங்கி, இரண்டு மாதம் ஓட்டி, அபார்ட்மென்ட் பார்க்கிங்கில் தூசி படிய விட்ட ரோடு பைக்குகள் நகரமெங்கும் விலைக்குக் கிடைக்கின்றன. வாங்கப் போகும்போது ஒரு ஸ்கேலைக் கையோடு எடுத்துப் போங்கள். செயினின் ஒரு பின்னின் நடுவில் பூஜ்யத்தை வைத்தால், அங்கிருந்து 24ஆவது பின் சரியாக 12 அங்குலத்தில் நிற்க வேண்டும். 1/16 அங்குலம் தள்ளி நின்றால் செயினை மாற்ற வேண்டும். 1/8 அங்குலம் தள்ளியிருந்தால் பின்சக்கரப் பல்சக்கரங்களும் தேய்ந்திருக்கும், அந்தச் செலவைச் சொல்லி விலையைக் குறைக்கச் சொல்லுங்கள். அடுத்து, ஹேண்டில் தண்டு ஃபிரேமோடு சேரும் இடத்திலும் பெடல் அச்சைச் சுற்றியும் பெயின்ட்டில் மயிரிழை விரிசல் தெரிகிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். தெரிந்தால் எவ்வளவு மலிவானாலும் வேண்டாம். டயர் ரப்பர் வெடித்திருந்தால் பயப்பட வேண்டாம், டயர் மாற்றிக்கொள்ளலாம். அளவு பொருந்தாத ஃபிரேமை மட்டும் எதுவுமே சரிசெய்யாது. பழைய கார்பன் ஃபிரேம் மலிவாகக் கிடைத்தாலும் மாணவர்கள் தொட வேண்டாம் என்பேன். உள்ளே அடிபட்டிருந்தால் வெளியே தெரியாது. அலுமினியமோ ஸ்டீலோ போதும்.

● வீட்டில் ஏற்கெனவே மவுன்டன் பைக் இருக்கிறதா? முள்முள்ளான டயரைக் கழற்றிவிட்டு வழுவழுப்பான ஸ்லிக் டயர் மாட்டி, காற்றைச் சரியாக அடித்தாலே வண்டி வேறு மாதிரி ஓடும். புது சைக்கிள் விலையில் சின்னத் துண்டுதான் செலவு.

● செகண்ட் ஹேண்டில் வாங்கவே கூடாத ஒன்று ஹெல்மெட். உள்ளேயிருக்கும் நுரை, ஒரே ஒரு அடியை நசுங்கி வாங்கிக்கொள்ளத்தான் செய்யப்பட்டது. ஏற்கெனவே அடி வாங்கியிருந்தால் மேல் ஓடு பளபளவென்று இருந்தாலும் உள்ளே வேலை முடிந்துபோயிருக்கலாம். இஎன் 1078 அல்லது சிபிஎஸ்சி முத்திரை உள்ள புது ஹெல்மெட்டாக வாங்குங்கள். இதில் மிச்சம் பிடிக்கவே வேண்டாம். போட்டியிலும், ஸ்டாண்டிலிருந்து சைக்கிளை எடுக்குமுன் ஹெல்மெட் வாரைப் பூட்டியிருக்க வேண்டும், திரும்ப நிறுத்திய பிறகுதான் கழற்றலாம்.

● காற்றைக் கிழிக்கும் கார்பன் சக்கரம் இல்லையே என்ற ஏக்கம் வேண்டாம். காற்றின் தடையை வெல்லத் தேவையான சக்தி வேகத்தின் மும்மடியாக ஏறும். 25 கிலோமீட்டர் வேகத்தை 30 ஆக்க, அந்தச் சக்தி 73 சதவீதம் கூடுதலாக வேண்டும். அந்தத் தடையில் பெரும்பங்கு உங்கள் உடம்பால் வருவது. 1989 டூர் தி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தின் கடைசி நாளில் 50 நொடி பின்தங்கியிருந்த கிரெக் லெமாண்ட், டிரையத்லான் வீரர்களிடமிருந்து வந்த நீட்டு ஹேண்டிலில் முழங்கையை ஊன்றிக் குனிந்து ஓட்டி, மொத்தத்தில் 8 நொடி வித்தியாசத்தில் கோப்பையை வென்றார். சாதாரண வளைந்த ஹேண்டிலின் கீழ்ப்பிடியில் முழங்கையை மடக்கிக் குனியப் பழகுவதற்குக் காசு எதுவும் வேண்டாம்.

● ஹேண்டிலின் இரு முனைகளும் அடைத்திருக்க வேண்டும் என்பது விதி. விழுந்தால் திறந்த குழாய் வயிற்றில் குத்திவிடும். சைக்கிள் கடையில் சில ரூபாய்க்குக் கிடைக்கும் மூடியை மறந்து, போட்டி வாசலிலேயே மாட்டிக்கொள்ளாதீர்கள்.

● எண் அட்டையைச் சைக்கிளில் முதுகுப் பக்கமும் ஓட்டத்தில் முன்பக்கமும் திருப்பிக்கொள்ள 'ரேஸ் பெல்ட்' விற்கிறார்கள். தையல் கடையில் இடுப்பளவு எலாஸ்டிக், ஒரு கொக்கி, இரண்டு ஊக்கு வாங்கினால் அதே வேலை நடக்கும். மெல்லிய எலாஸ்டிக் கயிற்றை ஷூவில் கோத்துவிட்டால் லேஸ் கட்டும் நேரமும் மிச்சம்.

● தாராளமாகச் செலவழிக்க வேண்டிய இன்னொன்று ஓட்டக் காலணி. போன வருஷத்து மாடல் தள்ளுபடியில் வந்தால் வாங்குங்கள். மாலையில் கால் சற்று வீங்கியிருக்கும்போது போட்டுப் பாருங்கள். 500 முதல் 800 கிலோமீட்டரில் அடிப்பாகம் தளர்ந்துவிடும். சைக்கிளையும் இதே ஷூவோடு மிதிக்கலாம், ஷூவைப் பூட்டும் பெடல் அடுத்த வருஷத்துக்கு இருக்கட்டும்.

● ஒரு எனர்ஜி ஜெல்லில் இருக்கும் மாவுச்சத்து, நடுத்தர வாழைப்பழம் ஒன்றிலேயே ஏறக்குறைய கிடைத்துவிடும். வெயிலில் வியர்த்துக் கொட்டும் நீண்ட பயிற்சி நாளில் ஒரு லிட்டர் தண்ணீர், ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. அங்கன்வாடியில் சொல்லித்தரும் அதே கரைசல்தான்.

● 2012 லண்டன் ஒலிம்பிக்கில் ஜானதன் பிரவுன்லீ, சைக்கிளில் ஏறும் இடத்தைக் குறிக்கும் கோட்டைத் தாண்டுமுன்பே ஏறியதற்காக 15 நொடி நின்று தண்டனை அனுபவித்தார். அப்படியும் வெண்கலம் வென்றார். தங்கம் அவர் அண்ணன் அலிஸ்டருக்கு. விடுதி மைதானத்தில் ஒரு கோடு கிழித்து, ஹெல்மெட் மாட்டி, சைக்கிளைத் தள்ளி ஓடி, கோடு தாண்டி ஏறப் பழகுங்கள். ஆயிரக்கணக்கில் செலவழித்துக் குறைக்கும் நொடிகளை இங்கே சும்மாவே குறைக்கலாம்.

● சைக்கிளே வாங்க முடியவில்லையா? பல போட்டிகளில் ரிலே பிரிவு உண்டு. ஒருவர் நீந்தலாம், ஒருவர் மிதிக்கலாம், ஒருவர் ஓடலாம். காலில் கட்டிய நேரச் சிப்பைக் கழற்றி அடுத்தவர் கட்டிக்கொள்வார். மூன்று பேருக்கும் சேர்த்து ஒரே சைக்கிள், ஒரே ஹெல்மெட். பதிவுக் கட்டணத்தையும் மூன்றாகப் பிரித்துக்கொள்ளலாம். நீச்சல் தெரிந்த நண்பர் யாரென்று இன்றைக்கே விடுதியில் விசாரியுங்கள்.