பில் பணம் வரவில்லையா? சட்டம் இருக்கிறது!

சரக்கு போய்விட்டது, பணம் வரவில்லை. சனிக்கிழமை கூலி கொடுக்க வேண்டும். மனைவியின் வளையல் அடகுக் கடைக்குப் போகிறது!

குமணன்சாவடி, அம்பத்தூர் பக்கம் சிறு பட்டறை நடத்துவோருக்கு இந்தக் கவலை புதிது அல்ல. "கேட்டால் அடுத்த ஆர்டர் போய்விடுமே" என்று பலர் வாய் திறப்பது இல்லை.

ஆனால், 2006-ம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் வளர்ச்சிச் சட்டம் குறு, சிறு தொழில் செய்வோருக்குக் கை கொடுக்கிறது.

45 நாள் கெடு

சரக்கை ஏற்றுக்கொண்டவர் 15 நாளில் பணம் கொடுக்க வேண்டும். எழுத்தில் வேறு கெடு பேசியிருந்தாலும், அது 45 நாளைத் தாண்டக் கூடாது.

தாண்டினால் வட்டி உண்டு. ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி வட்டி விகிதத்தைப் போல் 3 மடங்கு! மாதா மாதம் வட்டிக்கு வட்டியும் சேரும்.

என்ன செய்ய வேண்டும்?

முதலில் "உத்யம்" பதிவு செய்யுங்கள். கட்டணம் கிடையாது.

ஆர்டரை எழுத்தில் வாங்குங்கள். சரக்கோடு பில்லையும் அனுப்புங்கள். பணம் தர வேண்டிய தேதியை அதில் போடுங்கள். சரக்கு பெற்றதற்குக் கையெழுத்து வாங்குங்கள்.

கெடு தாண்டினால் கடிதம் எழுதுங்கள். அதற்கும் மசியாவிட்டால், இதற்கென்றே அரசு அமைத்துள்ள மன்றத்தில் மனுச் செய்யலாம். முதலில் சமரசம், முடியாவிட்டால் தீர்ப்பு.

அந்தத் தீர்ப்பை எதிர்த்துக் கோர்ட்டுக்குப் போக வேண்டுமா? பணம் தர வேண்டியவர் 75 சதவீதத்தை முதலில் கட்டியாக வேண்டும்!

கேட்கத் தயங்கினால் அடகுக் கடைக்கு நீங்கள் வட்டி கட்ட வேண்டும். கேட்டால், அவர் உங்களுக்குக் கட்ட வேண்டும்!