இடைவெளி விட்ட கூரையும் இரண்டு ஆணியும்

கலிபோர்னியாவில் நாங்கள் இருக்கும் வீடு 1960களில் மரச்சட்டத்தால் கட்டியது. கூரையில் சீடார் மரச்சில்லுகள். தீப்பிடிக்கும் பயத்தில் அதை மாற்ற ஒப்பந்தக்காரர் ஒருவரைக் கூப்பிட்டோம். பரணில் ஏறிப் பார்த்தால் கைமரங்கள் மேல் முழுப் பலகை கிடையாது. நம்ம ஊர் ஓட்டு வீட்டு ரீப்பர் மாதிரி, மூன்றரை அங்குலப் பலகைகள் இடைவெளி விட்டு அடித்திருக்கு. மரச்சில்லு அடியிலிருந்தும் காயணும் என்பதற்காக அப்படி.

"இதுமேலேயே தகரத்தை அடிச்சிடலாம், ப்ளைவுட் செலவு மிச்சம்" என்றார். எடையைத் தாங்கும், சந்தேகமில்லை. பிரச்சினை பக்கவாட்டு விசை.

நிலம் ஆடும்போது கூரையின் எடையும் பக்கவாட்டில் இழுக்கும். அந்த விசையை இரு முனைச் சுவர்களிடம் கொண்டுசேர்ப்பது கூரைத் தளம். அப்படிச் செய்யும் தளத்தை டயாஃப்ரம் என்பார்கள். ப்ளைவுட் அடித்த கூரை, படுக்கப்போட்ட உத்தரம் போல விறைப்பாக நிற்கும். ரீப்பர் மட்டும் என்றால்? மூடியும் அடியும் ஒட்டாத அட்டைப்பெட்டியை ஒரு மூலையில் தள்ளிப் பாருங்கள்.

எவ்வளவு பலவீனம்னு ஒரு தோராயக் கணக்கு போட்டேன் (நான் மென்பொருள்காரன், கையெழுத்துப் போடுவது கட்டடப் பொறியாளர் வேலை). பலகை கைமரத்தைக் கடக்கும் இடத்தில் 2 ஆணி, நடுவே 2.5 அங்குலம். ஓர் ஆணி 80 பவுண்டு தாங்கும்னு வைத்தால், அந்தச் சந்திப்பு திருகலை எதிர்ப்பது 200 அங்குல-பவுண்டு, அதாவது சுமார் 17 அடி-பவுண்டு. கைமரம் 2 அடிக்கு ஒன்று, பலகை 8 அங்குலத்துக்கு ஒன்று. ஆக ஒரு சந்திப்பின் பங்கு 1.33 சதுர அடி. வகுத்தால் அடிக்கு 12.5 பவுண்டுதான்.

தேவை? வீடு 40க்கு 30 அடி. கூரை சதுர அடிக்கு 15 பவுண்டு, அதில் 20% பக்கவாட்டில் என்றால் 3,600 பவுண்டு. முனைச் சுவருக்கு 1,800. 30 அடியால் வகுத்தால் 60. சுவர்களின் எடையைச் சேர்க்காமலே ஐந்து மடங்கு பற்றாக்குறை! சாதாரணமாக ஆணியடித்த ப்ளைவுட் 200 பக்கம் தரும்.

அப்புறம் எப்படி இத்தனை வருஷம் நின்னுச்சு? உட்கூரையில் அடித்த ஜிப்சம் போர்டு சத்தமில்லாமல் கொஞ்சம் வேலை பார்க்கிறது. உட்கூரை இல்லாத வீடுகளுக்கு அதுவும் இல்லை.

ப்ளைவுட்தான்னு முடிவு செய்தோம். அதிலும் ஒரு சிக்கல். இடைவெளி மேல் அடிக்கும் ஆணி, கைமரத்தைத் தொடுமுன் முக்கால் அங்குலம் காற்றில் போகணும். இழுத்தால் அங்கேதான் வளையும். இடைவெளிகளை அதே கனத்துப் பலகையால் நிரப்பச் சொன்னேன். இன்னொரு நாள் கூலி ஆகும் என்றார். ஆகட்டும்.