குலுங்காமல் ஓடுமா சக்கர வீடு?

வீட்டையே வண்டியில் பூட்டி இழுத்துக்கொண்டு ஊர் சுற்ற முடியுமா? அமெரிக்காவில் முடியும்! படுக்கை, சமையல் மேடை, குளியலறை எல்லாம் உள்ள சக்கர வீடுகளை 'பிக்கப்' வண்டியின் பின்னால் பூட்டிக்கொண்டு பல குடும்பங்கள் சுற்றுலா போகின்றன. அவற்றில் பெரிய வகை ஒன்றுக்கு 'ஃபிஃப்த் வீல்', அதாவது 'ஐந்தாவது சக்கரம்' என்று பெயர்.

பெயர் வந்த கதை

நான்கு சக்கரக் குதிரை வண்டியில், முன் அச்சு திரும்புவதற்காக அதன் மேல் ஓர் இரும்பு வளையம் படுத்த நிலையில் இருக்கும். தரையில் உருளாத அந்த வளையத்தைத்தான் ஐந்தாவது சக்கரம் என்றார்கள். மோட்டார் வண்டிகள் வந்த பிறகு, முன் வண்டியையும் பின் வண்டியையும் இணைக்கும் தட்டுக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. பின் வண்டியின் மூக்கிலிருந்து கீழே நீண்டிருக்கும் தடித்த இரும்பு முளையை, தட்டில் உள்ள பூட்டு தாடைபோலக் கவ்விக்கொள்ளும். சென்னை, தூத்துக்குடி துறைமுகங்களுக்கு ஓடும் கன்டெய்னர் லாரிகளிலும் இதே இணைப்புதான்!

ஏன் குலுங்குகிறது?

சில வண்டிகளில், ஓட்டுபவரை யாரோ பின்னாலிருந்து தள்ளித் தள்ளி இழுப்பதுபோல இருக்கும். இதற்கு மூன்று முக்கியக் காரணங்கள் உண்டு.

முதலாவது, பூட்டில் தளர்வு. முளைக்கும் தாடைக்கும் இடையே சிறு இடைவெளி இருந்தாலும், வேகம் கூடும்போதும் குறையும்போதும் 'டக் டக்' என்று இடிக்கும்.

இரண்டாவது, தவறாக ஏற்றிய பாரம். மாட்டு வண்டிக்காரர் முன்பாரம், பின்பாரம் பார்த்துத்தானே மூட்டை அடுக்குவார்? இங்கும் அதே கணக்குதான். பின் வண்டியின் மொத்த எடையில் 15 முதல் 25 சதவீதம் வரை முளையின் மேல் இறங்க வேண்டும். வண்டி 5,000 கிலோ என்றால் 750 முதல் 1,250 கிலோ வரை. குறைந்தால் பின் வண்டி துள்ளும்; அதிகமானால் பிக்கப்பின் பின் அச்சும் டயரும் திணறும்.

மூன்றாவது, சாலை. காங்கிரீட் சாலையில் சம இடைவெளியில் இணைப்புக் கோடுகள் இருக்கும். ஒவ்வொரு கோட்டிலும் சக்கரம் ஒரு தட்டு வாங்கும். ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளத் தள்ள ஆட்டம் பெருகுகிறது அல்லவா? அதுபோல, இந்தத் தட்டுகள் வண்டியின் இயல்பான ஆட்டத்தோடு ஒத்துப்போனால் குலுக்கலும் பெருகும். இதற்கு 'ஒத்ததிர்வு' என்று பெயர். வேகத்தைச் சற்றுக் குறைத்தாலே குலுக்கல் அடங்கிவிடும்.

விமானி கண்ட வழி

அமெரிக்க விமானி கிளென் கர்ட்டிஸ் (1878-1930) 'ஏரோகார்' என்ற சொகுசுப் பின் வண்டியை உருவாக்கினார். அதன் இணைப்பில், காற்றடைத்த விமானச் சக்கரம் ஒன்றைப் படுத்த நிலையில் பொருத்தினார். அதிர்ச்சியை டயரின் காற்று வாங்கிக்கொண்டது! இன்றும் முளைக்கு மேலே காற்றுப் பையோ ரப்பரோ வைத்த இணைப்புகள் விற்பனையாகின்றன.

ஆனால், காற்றுப் பை போட்டுவிட்டால் எல்லாம் சரியாகிவிடாது. குலுக்கல் என்பது வண்டி செய்யும் புகார். பூட்டு தேய்ந்திருக்கலாம், பாரம் மிஞ்சியிருக்கலாம், டயரில் காற்று குறைந்திருக்கலாம். காரணத்தைக் கண்டுபிடிக்காமல் மெத்தையை மட்டும் போட்டால், சத்தம் அடங்கும், ஆபத்து அடங்காது! அதனால்தான் கவனமுள்ள ஓட்டுநர்கள் புறப்படும் முன் பூட்டைச் சோதிப்பார்கள், டயர் சூடாகும் முன் காற்றை அளப்பார்கள், பின் வண்டி மட்டமாக நிற்கிறதா என்றும் பார்ப்பார்கள்.

நீங்களே செய்து பாருங்கள்!

பொம்மை வண்டியின் மேல் ஒரு மூடியில் தண்ணீர் வைத்து, முன்னால் நூல் கட்டுங்கள். நூலைத் தொய்வாக விட்டுச் சட்டென இழுங்கள், தண்ணீர் சிந்தும். அடுத்து, நூலை விறைப்பாகப் பிடித்து மெதுவாக இழுங்கள். பிறகு நூலின் நடுவே ஒரு ரப்பர் வளையத்தைக் கட்டி இழுங்கள். எதில் குறைவாகச் சிந்தியது? ஏன் என்று நண்பர்களுடன் பேசிப் பாருங்கள்!

அடுத்த முறை கன்டெய்னர் லாரி வளைவில் திரும்பினால், தள்ளி நின்றே பாருங்கள். முன்னும் பின்னும் இணையும் இடத்தில் ஐந்தாவது சக்கரம் வேலை செய்துகொண்டிருக்கும்!