இதயம் நின்று மீண்டவரின் இரத்தம் சொல்லும் செய்தி



வீட்டில் ஒருவர் திடீரெனச் சரிந்து விழுகிறார். இதயம் நின்றுவிட்டது. வைத்தியசாலையில் பெரும்பாடுபட்டு அதனை மீண்டும் துடிக்க வைத்துவிடுகிறார்கள். ஆனால் அவர் கண் திறக்கவில்லை. தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் நிற்போருக்கு ஒரே கேள்விதான்: "வாப்பா பிழைப்பாரா?" அந்த வேளையில் ஒருவர் அறிக்கையைப் பார்த்து, "டி-டைமர் மிகவும் கூடியிருக்கிறதாம்" என்று சொல்லிவிட்டால் குடும்பமே நம்பிக்கை இழந்துவிடும். அந்த டி-டைமர் உண்மையில் எதைச் சொல்கிறது?

முதலில் ஒன்றைத் தெரிந்து கொள்ளுங்கள். மாரடைப்பும் இதயம் நின்றுபோவதும் ஒன்றல்ல. இதயத் தசைக்கு இரத்தம் கொண்டு செல்லும் குழாய் அடைபடுவது மாரடைப்பு. அதனாலோ வேறு காரணத்தாலோ இதயம் இரத்தத்தை வெளியே தள்ளாமல் நின்றுவிடுவது மற்றையது. நின்ற சில நிமிடங்களிலேயே மூளை பாதிக்கப்படத் தொடங்கும்.

ஓடுகிற வாய்க்காலில் பாசி படிவதில்லை; தேங்கிய நீரில்தான் படியும். இரத்தமும் ஏறக்குறைய அப்படித்தான். ஓட்டம் நின்று, ஒட்சிசன் கிடைக்காமல் இரத்தக் குழாய்களின் உட்சுவரும் பழுதடையும்போது இரத்தம் உறையத் தொடங்குகிறது. நமது உடலில் இரத்தத்தை உறைய வைக்கும் வேலையும், உறைந்ததைக் கரைக்கும் வேலையும் சமமாக நடைபெற வேண்டும். இதயம் நின்று மீண்டவர்களில் உறையும் வேலை விரைவாக நடக்க, கரைக்கும் வேலை அதற்கு ஈடுகொடுப்பதில்லை. ஜேர்மனிய வைத்தியர் பேர்ண்ட் பொட்டிகரும் அவரது குழுவினரும் 1995 இல் இதனை எடுத்துக் காட்டினர். இதனால் மூளையின் நுண்ணிய குழாய்கள் அடைபடலாம்.

உறைந்த இரத்தத்தின் நார்கள் கரையும்போது உடைந்து விழும் துணுக்கே டி-டைமர். அது கூடியிருந்தால், உடலில் எங்கோ இரத்தம் அதிகமாக உறைந்து கரைகிறது என்பது பொருள். இதனுடன் இரத்தச் சிறுதட்டுகளின் எண்ணிக்கை, பைப்ரினோஜனின் அளவு, இரத்தம் உறைய எடுக்கும் நேரம் ஆகியவற்றையும் வைத்தியர்கள் பார்ப்பார்கள். இவை பெரிதும் சீர்குலைந்தவர்களில் உயிர் பிழைப்போர் குறைவு என்று பல ஆய்வுகள் கூறுகின்றன.

அப்படியானால் இது தீர்ப்பா? இல்லை, சகோதரிகளே! கர்ப்ப காலத்திலும், சத்திரசிகிச்சைக்குப் பின்னரும், கிருமித் தொற்றிலும், புற்றுநோயிலும், முதுமையிலும் டி-டைமர் கூடும். பலரைச் சேர்த்துப் பார்த்து அறிந்த உண்மை, உங்கள் வீட்டு நோயாளி ஒருவரின் முடிவைச் சொல்லாது.

"இரத்தம் உறைந்திருந்தால் கரைக்கும் ஊசியைப் போடலாமே" என்று நீங்கள் கேட்கலாம். அதையும் செய்து பார்த்தார்கள். 2008 இல் வெளியான ஐரோப்பிய ஆய்வொன்றில், வைத்தியசாலைக்கு வெளியே இதயம் நின்ற 1,050 பேரில் ஒரு பகுதியினருக்கு டெனெக்டெபிளேஸ் என்ற மருந்து கொடுக்கப்பட்டது. பிழைத்தோர் தொகை கூடவில்லை. மூளையில் இரத்தக் கசிவுதான் கூடியது.

மயக்கம் தெளியாதவரின் மூளை மீளுமா என்று கூறுவதற்குக் குறைந்தது 72 மணித்தியாலம் பொறுக்க வேண்டும் என்பது 2021 ஆம் ஆண்டின் ஐரோப்பிய வழிகாட்டல். அதன்பின்னரும் ஒரு பரிசோதனையை மட்டும் நம்புவதில்லை. கண்மணி வெளிச்சத்துக்குச் சுருங்குகிறதா, மூளையின் மின்னலைகள் எப்படி, ஸ்கேன் படம் என்ன காட்டுகிறது என்று பலவற்றையும் சேர்த்தே முடிவு செய்வார்கள். ஆகவே, முதல் நாள் அறிக்கையைக் கண்டு கலங்காதீர்கள். "எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் நிலைமை எப்படி, டொக்டர்?" என்று கேளுங்கள்.

நோயாளியின் கிளினிக் கொப்பியையும் மாத்திரைகளையும் கையோடு கொண்டு செல்லுங்கள். வோபரின் போன்ற மாத்திரை குடிப்பவராயின் உறைதல் பரிசோதனையின் முடிவு மாறும். வைத்தியருக்கு அது தெரிய வேண்டும்.

எந்தப் பரிசோதனையையும் விடப் பெறுமதியானவை முதல் நிமிடங்களே. விழுந்தவர் அசைவின்றி, சரியாக மூச்சு விடாமல் கிடந்தால் உடனே 1990 இலக்கத்துக்கு அழைத்து அம்பியூலன்ஸைக் கேளுங்கள். நெஞ்சின் நடுவே இரு கைகளையும் வைத்து, நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, 5 சென்ரிமீற்றர் ஆழத்துக்குக் குறையாமல் அழுத்துங்கள். விழுந்தவர் ஆணா பெண்ணா என்று தயங்கி நிற்கும் நேரமல்ல அது. இந்தப் பயிற்சியை வீட்டில் ஒருவராவது முறைப்படி கற்றுக்கொள்ளுங்கள். அந்த ஒருவர் நீங்களாகவே இருக்கலாம்.