கண்ணாடித் தகடு காட்டிக்கொடுத்த கிருமி!

2003-ம் ஆண்டு மார்ச் மாதம். ஒரு புதிய நோய் உலகத்தைக் கலக்கிக்கொண்டு இருந்தது.

முதலில் காய்ச்சல். பிறகு இருமல். அதன் பிறகு மூச்சுத் திணறல். நோயாளிகளுக்குச் சிகிச்சை செய்த டாக்டர்களையும் நர்சுகளையும்கூட அது விடவில்லை.

"சார்ஸ்" என்று பெயர் வைத்தார்கள். பெயர் வைத்தார்களே தவிர, அதை உண்டாக்கும் கிருமி எது என்று யாருக்கும் தெரியவில்லை!

தென் சீனாவில் தோன்றிய நோய், விமானம் ஏறி வியட்நாம், சிங்கப்பூர், கனடா என்று பரவியது. வியட்நாமில் இதைக் கண்டு உலகத்தை எச்சரித்த இத்தாலிய டாக்டர் கார்லோ உர்பானி, மார்ச் 29-ந் தேதி அதே நோய்க்குப் பலியானார்.

தினமும் டெலிபோன்

உலக சுகாதார நிறுவனம் 11 ஆராய்ச்சிக்கூடங்களை ஒன்று சேர்த்தது. விஞ்ஞானிகள் தினமும் டெலிபோனில் பேசினார்கள். கண்டதை மறைக்காமல் சொன்னார்கள். (கண்டுபிடிப்பைப் பூட்டி வைப்பதுதான் அவர்கள் வழக்கம்!)

அவற்றில் ஒன்றான அமெரிக்காவின் அட்லாண்டா நோய்த்தடுப்பு மையம், வளர்த்தெடுத்த கிருமியின் மரபுப்பொருளைச் சான்பிரான்சிஸ்கோவுக்கு அனுப்பியது. அங்கே கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் ஜோசப் டெரிசி, டேவிட் வாங் என்ற விஞ்ஞானிகள் இருந்தார்கள். அவர்களிடம் ஒரு கண்ணாடித் தகடு இருந்தது.

அது என்ன தகடு?

அதன் பெயர் "மைக்ரோஅரே". விரல் நீளம்தான் இருக்கும். அதில் கண்ணுக்குத் தெரியாத ஆயிரக்கணக்கான பொட்டுகள். சுமார் 1,000 வைரஸ் கிருமிகளின் மரபுப்பொருள் துணுக்குகளை எந்திரம் அதில் வரிசையாக ஒட்டி வைத்திருந்தது.

மரபுப்பொருள் துணுக்குகளுக்கு ஒரு குணம் உண்டு. சட்டைப் பொத்தானும் காஜாவும் போல, ஒவ்வொன்றும் தன் ஜோடியோடுதான் சேரும். புதிய கிருமியின் மரபுப்பொருளுக்குச் சாயம் ஏற்றித் தகட்டில் ஊற்றினால், ஜோடி இருக்கும் இடத்தில் ஒட்டிக்கொள்ளும். அந்தப் பொட்டு ஒளி விடும்.

புதிய கிருமிக்கு ஏது ஜோடி? இங்கேதான் கெட்டிக்காரத்தனம்! ஒரு குடும்பத்துக் கிருமிகள் எல்லாவற்றிலும் மாறாமல் இருக்கும் பகுதிகளைப் பொறுக்கி ஒட்டியிருந்தார்கள். ஆள் புதியவனானாலும் குடும்பச் சாயல் காட்டிக்கொடுத்துவிடும்.

24 மணி நேரத்தில்...

மார்ச் 22, சனிக்கிழமை. பொருள் வந்து சேர்ந்தது. 24 மணி நேரத்துக்குள் பொட்டுகள் ஒளிர்ந்தன. மாட்டுக்கு வரும் கொரோனா, கோழிக்கு வரும் கொரோனா, மனிதனுக்குச் சளி பிடிக்கவைக்கும் கொரோனா! ஒன்றோடும் முழுதாகப் பொருந்தவில்லை. இது புதிய கொரோனா!

அதோடு விடவில்லை. ஒளிர்ந்த பொட்டை ஊசிமுனையால் சுரண்டி எடுத்தார்கள். ஒட்டியிருந்த துணுக்கைப் பெருக்கிப் படித்தார்கள். சந்தேகம் தீர்ந்தது.

அட்லாண்டாவிலும், ஹாங்காங்கில் இலங்கையில் பிறந்த டாக்டர் மாலிக் பெய்ரிஸ் குழுவிலும் வேறு வழிகளில் இதே முடிவுக்கு வந்திருந்தார்கள். மூன்று இடத்திலும் ஒரே விடை!

ஏப்ரல் 16-ந் தேதி உலக சுகாதார நிறுவனம் கிருமியை உறுதி செய்தது. குணமாக்கும் மருந்து கிடைக்கவில்லை. நோயாளிகளைப் பிரித்து வைத்தே நோயை மடக்கினார்கள். ஜூலை 5-ந் தேதி பரவல் நின்றதாக அறிவிக்கப்பட்டது.

நோய் கண்டவர்கள் 8,096 பேர். இறந்தவர்கள் 774 பேர்.