மின்சாரத்தைச் சேமித்தல்

மின்சாரம் ஒரு விந்தையான சரக்கு. நெல்லைக் குதிரில் கொட்டி வைப்பதுபோல் இதைக் கொட்டி வைக்க இயலாது. எந்த நொடியில் எவ்வளவு செலவாகின்றதோ, அந்த நொடியில் அவ்வளவு உற்பத்தியாக வேண்டும். இரண்டும் ஒத்துச் சென்றால்தான் மின்னோட்டம் விநாடிக்கு 50 சுழற்சி என்னும் அளவில் நிலைக்கும். நண்பகலில் கதிரவன் தரும் மின்சாரம் மிகுந்து நிற்கின்றது. மாலை ஏழு மணிக்கு வீடுதோறும் விளக்கெரியும் வேளையிலோ அது இல்லை. இந்த இடைவெளியை நிரப்புவது எங்ஙனம் என்பதே இன்றைய கேள்வி.

பழைய விடை நீரில் இருந்தது. புனேக்கு மேற்கே, முளா ஆற்றின் குறுக்கே முள்ஷியில் டாட்டா நிறுவனத்தார் அணை கட்டினர். கிழக்கே ஓடிக் கிருஷ்ணையில் கலந்து வங்கக் கடலை அடைய வேண்டிய நீர், மேற்குத் தொடர்ச்சி மலையின் விளிம்பிலிருந்து ஏறத்தாழ 500 மீட்டர் கீழே, கொங்கணத்துப் பீரா மின்நிலையத்தில் விழலாயிற்று. பீரா 1927-இல் இயங்கத் தொடங்கியது. 1990-களில் அங்கே 150 மெகாவாட் ஆற்றலுள்ள மற்றோர் இயந்திரமும் சேர்க்கப்பட்டது. மின்சாரம் மிகுந்திருக்கும் நேரத்தில் அது நீரை மீண்டும் மேலேற்றும். தேவை பெருகும்போது அந்த நீரையே விழச் செய்து மின்சாரம் தரும். நூறு யூனிட் செலவிட்டால் எழுபத்தைந்து, எண்பது யூனிட் திரும்பி வரும்.

ஆயின், இந்த நீருக்கு ஒரு விலை கொடுக்கப்பட்டது. அணையில் மூழ்கவிருந்த நிலங்களுக்காக 1921-இல் மாவளப் பகுதிக் குடியானவர்கள் சத்தியாக்கிரகம் தொடங்கினர். சேனாபதி பாபட் முன்னின்று நடத்திய அப்போராட்டம் 1924 வரை நீடித்துத் தோற்றது. நெல் விளைந்த வயல்கள் நீரடியிற் சென்றன. விளக்கெரிந்ததும் ஆலை ஓடியதும் பம்பாயில்!

அந்தப் பம்பாயில் மின் விநியோகக் கம்பெனி ஒன்றை மாநகராட்சி 1947-இல் தன் உடைமையாக்கிக் கொண்டது. அதுவே இன்று ‘பெஸ்ட்’ எனப்படுகின்றது. அதற்குச் சொந்த மின்நிலையம் இல்லை; வாங்கிப் பகிர்ந்தளிப்பதே அதன் தொழில். இத்தகைய நகர நிறுவனத்துக்குப் புதிய விடை ஒன்று வந்துள்ளது. அதுதான் பெரிய மின்கல நிலையம். தமிழில் ‘மின்கலம்’ என்ற சொல் எனக்குப் பிடித்தமானது. கலம் என்பது பாத்திரம். பன்னிரண்டு மரக்கால் நெல்லும் ஒரு கலமே.

இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்போம். பீராவில் ஒரு யூனிட் பெற ஏறத்தாழ 800 லிட்டர் நீர் விழவேண்டும். அதே ஒரு யூனிட்டை ஏழெட்டுக் கிலோ எடையுள்ள லிதியம் மின்கலம் தன்னுள் கொள்ளும். பள்ளத்தாக்கு வேண்டாம், துணைமின் நிலையத்தின் ஓரத்து நிலம் போதும். தில்லியில் ரோகிணியில் 2019-இல் 10 மெகாவாட் நிலையம் ஒன்று நிறுவப்பட்டது. 2025-இல் கிலோக்கரியில் வந்த 20 மெகாவாட் நிலையம் இரண்டு மணி நேரம் முழு அளவில் மின்சாரம் தரும். அதாவது 40,000 யூனிட். நாளொன்றுக்கு எட்டு யூனிட் செலவிடும் இல்லங்கள் ஐயாயிரத்துக்கு அது ஒரு நாட் செலவு. நொடியின் சிறு பகுதிக்குள் அது வேலைக்கு வந்துவிடும். மாலை நேரத்தில் விலை ஏறிய மின்சாரம் வாங்குவதும் குறையும். நெரிசலான தெருக்களில் புதிய கேபிள் பதிப்பதையும் சில ஆண்டுகள் ஒத்திப்போடலாம்.

குறைகளும் உண்டு. பத்துப் பதினைந்து ஆண்டுகளில் மின்கலம் தளரும். பீராவோ நூறாண்டை நெருங்குகின்றது. தீ அபாயமும் உண்டு. 2025 ஜனவரியில் கலிபோர்னியாவின் மாஸ் லேண்டிங் நிலையம் எரிந்தபோது சுற்றுப்புற மக்கள் வெளியேற்றப்பட்டனர். ஆதலால் நெருக்கமான நகரில் அலகுகளை இடைவெளிவிட்டு அமைத்தலும், தீயணைப்புப் படையினருக்கு முன்கூட்டியே பயிற்சி அளித்தலும் இன்றியமையாதவை.

நீர்வழியும் கைவிடப்படவில்லை. புனே மாவட்டத்துச் சிரவட்டாவில் 1,800 மெகாவாட் நீரேற்று நிலையம் அமைக்க 2023-இல் மகாராஷ்டிர அரசும் டாட்டா பவரும் உடன்பாடு செய்துகொண்டன. இரவு நெடுநேரத் தேவைக்கு நீர், மாலை உச்சத்துக்கும் திடீர்த் தடங்கலுக்கும் மின்கலம் என்று பங்கிட்டுக் கொள்வதே தக்கதென்பது என் கருத்து. எவ்வழியானாலும், செலவு மின்கட்டணத்தில் ஏறுமுன், நிலம் தருவோர் யார், மின்சாரம் பெறுவோர் யார் என்ற கணக்கையும் ஒழுங்குமுறை ஆணையத்தின் முன் வைத்துக் கேட்டறிதல் வேண்டும். முள்ஷியில் அக்கணக்கைக் குடியானவர்கள் கேட்டார்கள், கிடைக்கவில்லை.