மடியில் பிள்ளை, கட்டிலில் பெற்றோர்

1962இல் அன்றைய மதராஸ் மாநில அரசு ஆதரவற்ற முதியவர்களுக்கு மாதம் 20 ரூபாய் கொடுக்கத் தொடங்கியபோது, அது கஜானாவைக் கரைத்துவிடும் என்று யாரும் பயந்திருக்க மாட்டார்கள். ஊரில் கிழவர்களே குறைவு. அவர்களில் நாதியற்றவர்கள் இன்னும் குறைவு. அன்றைய கவலையெல்லாம் குழந்தைகளைப் பற்றியது. 1971 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் பத்துப் பேரில் ஏறக்குறைய நான்கு பேர் பதினைந்து வயதை எட்டாதவர்கள். அறுபதைத் தாண்டியவர்கள் நூற்றுக்கு ஆறு பேர் அளவில்தான் இருந்தார்கள்.

பிள்ளைகள் அத்தனை பேர் இருந்ததற்குக் காரணம் அறியாமை என்று சொல்வது நகரத்து மேட்டிமை. 1971இல் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 113 குழந்தைகள் முதல் பிறந்தநாளைப் பார்க்கவில்லை. நாலு பெற்றால்தான் ரெண்டாவது நிற்கும் என்று கணக்குப் போட்ட தாய் தவறாகக் கணக்குப் போடவில்லை. சுவரெங்கும் குடும்பக் கட்டுப்பாட்டின் சிவப்பு முக்கோணமும் ‘நாம் இருவர் நமக்கு இருவர்’ வாசகமும் வந்தன. டி.வி. ஆண்டனி என்ற ஐ.ஏ.எஸ். அதிகாரி இதில் காட்டிய வேகத்தைப் பார்த்து, டி.வி. என்ற முன்னெழுத்துகளுக்கு ‘டியூபெக்டமி, வாசெக்டமி’ என்றே விரிவு சொல்லிக் கேலி செய்தார்கள். ஆனால் சுவர் விளம்பரத்தைவிடப் பெரிய வேலையைச் செய்தவை தடுப்பூசி, சத்துணவு, பெண்பிள்ளைகளின் பள்ளிக்கூடம், ஊருக்குள் வந்த டவுன் பஸ் ஆகியவைதான். 2020இல் அந்த 113 என்பது 13 ஆகிவிட்டது. பிறந்த குழந்தை தங்கும் என்ற நம்பிக்கை வந்ததும், பெண்கள் தாங்களாகவே ‘ரெண்டோடு ஆபரேஷன் பண்ணிக்கொள்கிறேன்’ என்றார்கள். 1971இல் ஒரு பெண்ணுக்குச் சராசரி நான்கு பிள்ளைகள். 2005–06 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் அது 1.8 ஆனது. மாதிரிப் பதிவு முறையின் 2020 கணக்கில் 1.4.

இனி, புள்ளிவிவரக்காரர்களின் வாய்ப்பாட்டுக்கு வருவோம். பதினைந்து முதல் ஐம்பத்தொன்பது வயது வரை இருப்பவர்கள் உழைப்பவர்கள், மற்றவர்கள் அவர்களைச் சார்ந்தவர்கள். 1971இல் உழைக்கும் வயதினர் நூறு பேரைச் சார்ந்து எழுபத்தைந்து பேருக்கு மேல் இருந்தார்கள். 2021க்கான மதிப்பீட்டில் அது ஐம்பதை ஒட்டி வந்துவிட்டது. முதியவர்களை மட்டும் எடுத்தால் நூற்றுக்கு 20.5. ஏட்டுக் கணக்குப்படி நம் தலைமுறை தன் அப்பா அம்மாவைவிட மூன்றில் ஒரு பங்கு லேசான சுமையைத் தூக்குகிறது. நாற்பத்தைந்து வயதுக்காரர் யாரிடமாவது போய் இதைச் சொல்லிப் பாருங்கள்.

வாய்ப்பாடு அன்றும் சரியாக இருக்கவில்லை. சார்ந்திருப்பவன் என்று அது பட்டியலிட்ட பத்து வயதுப் பையன் ஆடு மேய்த்தான். சிவகாசிப் பக்கம் தீப்பெட்டி ஒட்டினான். அவன் தங்கையை இடுப்பில் சுமந்து வளர்த்தவள் எட்டு வயது அக்கா. மூத்தவன் சட்டை இளையவனுக்கு, மூத்தவன் பாடப்புத்தகம் பக்கத்து வீட்டுக்கு. மதியச் சோற்றை 1956இலிருந்து காமராஜரும், 1982இலிருந்து இன்னும் விரிவாக எம்.ஜி.ஆரும் பார்த்துக்கொண்டார்கள். ஆறு பிள்ளை பெற்ற வீட்டில் ஆறு மடங்கு செலவு ஆகவில்லை. அதில் கொடுமையும் இருந்தது. அக்காக்களின் படிப்பை விலையாகக் கொடுத்துத்தான் அந்தச் சிக்கனம் நடந்தது.

இன்றைய கணக்கு வேறு திசையில் பிசகுகிறது. 2021–22இல் உயர்கல்வியில் சேரும் இளைஞர் விகிதம் தமிழ்நாட்டில் 47 சதவீதம், நாட்டின் சராசரி 28.4. பெருமைப்பட வேண்டிய எண்தான். ஆனால் இன்ஜினியரிங் மூன்றாம் வருஷம் படிக்கும் இருபது வயது மகன் வாய்ப்பாட்டின்படி ‘உழைக்கும் வயதினன்’. ஹாஸ்டல் பீஸ் கட்டுகிற அப்பாவுக்குத்தான் தெரியும் யார் யாரைத் தாங்குகிறார் என்று. மறுபக்கம், நூறு நாள் வேலைக்கு மண்வெட்டியோடு போகிற அறுபத்தைந்து வயதுப் பாட்டி ‘சார்ந்திருப்பவள்’. பேரனுக்கு நோட்டு வாங்கிக் கொடுப்பது பெரும்பாலும் அவள்தான்.

இதையெல்லாம் கழித்த பிறகும், முதுமையின் பாரம் பிள்ளைப் பாரத்தைப் போன்றதன்று. பிள்ளை வருஷத்துக்கு வருஷம் லேசாகும். நடக்கும், தானே சாப்பிடும், ஒருநாள் சம்பளக் கவரைக் கொண்டுவரும். முதியவரின் தேவை வருஷத்துக்கு வருஷம் கூடும். முதலில் சர்க்கரை மாத்திரை, அப்புறம் கண்ணில் புரை, அப்புறம் மூட்டு, அப்புறம் ராத்திரியில் கூட ஆள். எப்போது முடியும் என்று கேட்கவே வாய் வராது. எழுபதுகளின் தொடக்கத்தில் சராசரி ஆயுள் ஐம்பதைத் தொட்டும் தொடாமலும் இருந்தது, இன்று எழுபதைத் தாண்டிவிட்டது. கூடுதலாகக் கிடைத்த வருஷங்கள் எல்லாம் பெரிய வரம். அவற்றுக்குப் பணம் யார் கொடுப்பது என்று மட்டும் யாரும் முன்கூட்டிப் பேசிவைக்கவில்லை.

அன்று நாலு மகன்கள் இருந்தார்கள். கிராமங்களில் முறை போட்டுச் சோறு போட்டார்கள்: இந்த மாதம் பெரியவன் வீடு, அடுத்த மாதம் நடுவுலவன் வீடு. மாதம் முப்பத்தொன்று வந்தால் அந்த ஒருநாள் சோறு யாருடையது என்று சண்டை போட்ட மருமகள்களும் உண்டு. அந்தக் காலத்தை ஆலமரத்தடிக் கூட்டுக் குடும்பமாக வரைந்து காட்டுகிறவர்கள் இந்தச் சண்டைகளை விட்டுவிடுகிறார்கள். ஆனாலும் நாலில் ஒரு பங்கு என்பது தூக்கக்கூடிய பங்கு. மகள் வீட்டில் கை நனைப்பது கேவலம் என்றிருந்தது, அதனால் மகள் கணக்கிலேயே வரவில்லை. இன்று ஒரே மகள் உள்ள வீடுகள் தெருவுக்குத் தெரு இருக்கின்றன. 1989இல் தமிழ்நாடு பெண்ணுக்குச் சொத்தில் சமபங்கு தந்தது. சொத்து எல்லார் கைக்கும் வந்து சேர்ந்ததோ இல்லையோ, பெற்றோரைப் பார்க்கும் பொறுப்பு வந்துவிட்டது. கணவன் மனைவி இருவருமே ஒற்றைப் பிள்ளைகள் என்றால், நாலு முதியவர்கள், ஒரு குழந்தை, வீட்டுக்கடன் தவணை. அம்மா கீழே விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் வேலையை விடுவது யார் என்ற கேள்விக்குப் பெரும்பாலான வீடுகளில் விவாதமே நடப்பதில்லை. மகளோ மருமகளோ ராஜினாமாக் கடிதம் எழுதுகிறாள். அப்போது ‘உழைக்கும் வயதினர்’ நூறு பேரில் ஒருவர் சம்பளமில்லாத உழைப்புக்கு மாறுகிறார். வாய்ப்பாட்டில் ஒரு புள்ளிகூட அசையாது.

பென்ஷன் இருந்தால் இதில் பாதி தீரும். தறி, கட்டடம், வயல், கடை என்று உழைத்து ஓய்ந்த பெரும்பான்மைக்கு அது கிடையாது. 1962இன் 20 ரூபாய் 2023இல் 1,200 ஆனது. ஓ.ஏ.பி. பணம் என்று ஊரில் சொல்லும் அந்தத் தொகை மருந்துக் கடையில் பாதி கரைந்துவிடும். அரசு ஊழியர்களிலும் 2003 ஏப்ரலுக்குப் பிறகு சேர்ந்தவர்களைப் பழைய ஓய்வூதியத்திலிருந்து எடுத்துப் பங்களிப்பு ஓய்வூதியத்தில் போட்டார்கள். ஓய்வு வயது 2020இல் 58இலிருந்து 59 ஆனது, 2021இல் 60 ஆனது. ஓய்வுக்காலப் பலன்களை ஒத்திப்போடுவதற்கு இதைவிட எளிய வழி இல்லை. வேலைக்குக் காத்திருந்த இளைஞர்கள்தான் அதற்கு வட்டி கட்டினார்கள்.

அரசு எதுவுமே செய்யவில்லை என்று சொல்ல முடியாது. நாட்டிலேயே முதன்முதலாக முதியோருக்கென்று ஒரு புறநோயாளிகள் பிரிவு 1978இல் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில்தான், டாக்டர் வி.எஸ். நடராசனின் முயற்சியால் வந்தது. 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் சர்க்கரை, ரத்தக் கொதிப்பு மாத்திரைகளை வாசலில் கொண்டுவந்து கொடுக்கிறது. 2025 ஆகஸ்டில் தாயுமானவர் திட்டம் எழுபது கடந்தவர்களுக்கு ரேஷன் அரிசியை வீட்டுக்கே அனுப்பத் தொடங்கியது. இந்தத் திட்டத்தைத்தான் நான் அதிகம் யோசித்துப் பார்த்தேன். ரேஷன் கடைக்குப் போய் பையைத் தூக்கிவர ஒரு பேரன்கூட இல்லாத வீடுகள் அத்தனை இருப்பதை ஒரு அரசு ஒப்புக்கொண்ட தருணம் அது.

2024 அக்டோபரில் ஆந்திர முதல்வர் சந்திரபாபு நாயுடு இன்னும் பிள்ளை பெறுங்கள் என்றார். சில நாட்களில், அப்போது தமிழ்நாட்டு முதல்வராக இருந்த ஸ்டாலின் ஒரு திருமண மேடையில், மக்கள்தொகைப்படி நாடாளுமன்ற இடங்களைப் பிரிக்கும் தொகுதி மறுவரையறையை மனதில் வைத்து, பதினாறு பெற்றால்தான் என்ன என்று பாதி வேடிக்கையாகக் கேட்டார். நாடாளுமன்ற இடங்களைப் பற்றிய ஆதங்கம் நியாயமானது. ஆனால் சுமைக்கு மருந்தாக இதை எடுத்துக்கொண்டால் கணக்கு இடிக்கும். இன்று பிறக்கும் குழந்தை சம்பளம் வாங்க இருபது வருஷத்துக்கு மேல் ஆகும். அதுவரை அதுவும் அதே நாற்பது வயதுக்காரர்களின் தோளில்தான். 2036இல் தமிழ்நாட்டில் ஐந்தில் ஒருவர் அறுபது கடந்தவராக இருப்பார் என்கிறது மத்திய அரசின் மதிப்பீடு. அப்போது இந்தக் குழந்தை பள்ளிக்கூடத்தில்தான் இருக்கும்.

உடனடியாகத் தோள் கொடுக்கிறவர்கள் ரயிலில் வந்திறங்குகிறார்கள். திருப்பூர்ப் பனியன் கம்பெனிகளிலும், சென்னை மேம்பாலங்களிலும், டெல்டா நடவு வயல்களிலும் வேலை செய்கிற பீகார், ஒடிசா, வங்காளப் பையன்கள். 2036இல் தமிழ்நாட்டின் நடு வயது நாற்பதைத் தாண்டியிருக்கும். பீகாரில் இருபத்தெட்டுதான். அங்கிருந்து வரும் பையனைப் பெற்று, தடுப்பூசி போட்டு, ஏதோ ஒரு வகுப்புவரை படிக்கவைத்த செலவு பீகாருடையது. அவன் வேலை செய்யும் வருஷங்கள் நமக்கு. 2027 கணக்கெடுப்பில் அவன் திருப்பூரில் எண்ணப்பட்டால், நம் சார்பு விகிதம் அவனால் கொஞ்சம் இறங்கும். அவன் அம்மா பீகாரில் எண்ணப்படுவாள். அவளுக்கு முடியாமல் போனால் யார் பார்ப்பது என்பதை, அவன் மாதாமாதம் போனில் அனுப்பும் பணம்தான் இப்போதைக்கு முடிவு செய்கிறது.